முதல் படி 16 அங்குலம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் நின்றிருந்த ஒரு டவுன் பஸ்ஸின் முதல் படியைத் தையல் டேப்பால் அளந்தேன். ரோட்டிலிருந்து படியின் மேல் விளிம்பு வரை 16 அங்குலம். டீக்கடை வாசலில் நின்றிருந்த டிரைவர், "ஏனுங்கம்மா, பஸ்ஸுக்கு ஜாக்கெட் தைக்கறீங்களா?" என்றார். "ஆமாங்க, உசரம் கொஞ்சம் கொறைக்கோணும்" என்றேன். சிரித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

எங்கள் வீட்டு வாசற்படி ஆறரை அங்குலம். நீங்கள் தினமும் ஏறி இறங்கும் மாடிப்படியும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். பஸ்ஸின் முதல் படியில் அப்படி இரண்டு படி அடங்கிவிடுகிறது. அதற்கு மேலே இன்னும் இரண்டு படி ஏறினால்தான் பஸ்ஸின் தளம்.

எனக்கு வலது காலில் போலியோ. ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்றும் கிடைத்துவிட்டது. ஆக எங்கள் பள்ளிக்கூடத்தில் இனி புது அட்மிஷன் கிடையாது. இருக்கிறவர்கள் மட்டும் கேலிப்பரை மாட்டிக்கொண்டு வயதாகிக்கொண்டிருக்கிறோம்.

கேலிப்பர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தொடையிலிருந்து பாதம் வரை வரும் இரும்புச் சட்டம், தோல் பட்டைகள், முழங்காலில் ஒரு பூட்டு. நடக்கும்போது பூட்டிவிட வேண்டும், உட்காரும்போது திறந்துவிட வேண்டும். பூட்டிய கால் மடங்காது. மடங்காத காலை 16 அங்குலம் தூக்கி வைக்க என்னால் முடியாது. அதனால் ஏறும்போது நல்ல கால்தான் முன்னால் போகும். இறங்கும்போது முடியாத கால் முன்னால் வரும். பிசியோதெரபியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நல்ல கால் படிக்குப் போன பிறகு, மிச்ச உடம்பைத் தூக்குவது கைகளின் வேலை. அதனால்தான் பஸ்ஸைப் பார்த்ததும் என் கண் போவது கம்பிக்கு. வாசலின் இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறதா, கைக்கெட்டும் உயரத்தில் தொடங்குகிறதா, ஆடுகிறதா? சீட்டைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். ஏறினால்தானே சீட்டு?

சூலூரிலிருந்து கோவை ராமநாதபுரம் ஆடிட்டர் ஆபீசுக்கு இருபது வருஷமாகத் திருச்சி ரோட்டில் போய் வருகிறேன். அதில் நான் கற்றுக்கொண்ட நேரக்கணக்கு ஒன்று உண்டு. ஒரு விசில் என்றால் பஸ் நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். நல்ல கால் படியில், முடியாத கால் இன்னும் ரோட்டில். அந்த இடைவெளியில் எனக்கு நாலைந்து விநாடி வேண்டும். அந்த நாலைந்து விநாடிக்குள் இரட்டை விசில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. ஒருமுறை விழுந்தது. எந்தத் தடம், யாருடைய வண்டி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு பஸ், அவ்வளவுதான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து நாற்பது நாள் மாவுக்கட்டு. எனக்குக் கை போனால் காலும் போன மாதிரி.

கட்டுப்போட்ட கையோடு வீட்டில் இருந்த நாட்களில் அந்தக் கண்டக்டரைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவர் நின்றிருந்தது பின்வாசலில். நடுவில் அறுபது பேர். முன்வாசலில் நான் பாதி ஏறியிருப்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. டிரைவருக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது, அதில் பாதியைத் தொங்குகிறவர்களின் முதுகு மறைத்துவிடுகிறது. பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடிக்கிறது. நம் ஊர்ப் பஸ்காரர்களுக்கு 'டைமிங்' என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டில் பஸ் ஏறியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் தவறினால் நடுரோட்டில் வண்டியைக் குறுக்கே போட்டுச் சண்டை நடக்கும். அந்த நிமிஷத்தில் ஐந்து விநாடியைத்தான் நான் கேட்கிறேன்.

இன்னொரு தொல்லை, உதவி. கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் நல்லவர்கள். நான் படிக்குப் பக்கத்தில் போனதுமே நாலு கை நீளும். ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார், ஒருவர் முழங்கையை இழுப்பார். மேலேயிருந்து இழுக்கும்போது பூட்டிய கால் படி விளிம்பில் இடித்து, என் பிடி நழுவிவிடும். தெரியாத ஆண் கைகள் உடம்பில் எங்கெல்லாம் படும் என்பதைத் தனியாக எழுத வேண்டாம், பெண்களுக்குப் புரியும். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: "கையப் புடிக்காதீங்க, பையப் புடிங்க." பையை வாங்கிக்கொண்டால் எனக்கு இரண்டு கையும் கம்பிக்குக் கிடைக்கும். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

சரி, இலவச டிக்கெட்டுக்கு வருகிறேன். 2021-இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது. கொஞ்ச நாளிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அதை நீட்டினார்கள். அந்தக் கணக்கில் நான் இரண்டு வழியில் இலவசம். பெண் என்று ஒன்று, கால் என்று ஒன்று. கிடைப்பது என்னவோ ஒரே டிக்கெட்தான். நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். மாதம் மிச்சமாகும் காசில் கேலிப்பர் ஷூவுக்கு அடித்தோல் மாற்ற முடிகிறது. ஆனால் தனியார் டவுன் பஸ்ஸில் இது செல்லாது. எங்கள் பக்கம் தனியார் வண்டிகள் எத்தனை ஓடுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். இலவச வண்டிக்காகக் காத்திருப்பதா, காசு கொடுத்துச் சீக்கிரம் போவதா என்று தினமும் காலையில் ஒரு பட்டிமன்றம்.

டிக்கெட்டை இலவசமாக்க ஓர் உத்தரவு போதும். படியைத் தாழ்த்த அது போதாது. ஏன் என்று எனக்குப் புரிய வைத்தவர் கரூர்ப் பெரியப்பா.

அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்கள் என்றால் கரூரில் பஸ்ஸுக்கு. பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பட்டறைகளில் ஃபிட்டராக இருந்தவர். சூலூரில் அளந்த அன்று இரவே அவருக்குப் போன் செய்து, "பெரியப்பா, பஸ் படி எதுக்குங்க அத்தனை உசரம்?" என்று கேட்டேன். நாற்பத்தாறு வருஷத்தில் நான் அவரிடம் தொழில் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. ஒரு மணி நேரம் பேசினார்.

"லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில ஒரே ஏணிதான் கண்ணு" என்று தொடங்கினார். கம்பெனியிலிருந்து வரும் சேசிஸ் என்பது படுக்கப்போட்ட ஒரு இரும்பு ஏணி. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் இன்ஜின். அங்கிருந்து பின்சக்கரம் வரைக்கும் தளத்துக்கு அடியில் ஓடுகிற தண்டு. ஏணிக்குக் கீழே பட்டை ஸ்பிரிங், அதற்கும் கீழே ஆக்சில். இவ்வளவையும் அடுக்கிய பிறகுதான் மேலே தகடு போட்டு நாம் நிற்கும் தளம் வருகிறது. "சேசிஸ் என்ன உசரத்துல வருதோ, அதுக்கு மேலதான் நாங்க கட்ட முடியும். கீழ எறக்கறதுக்கு எங்க கையில ஒண்ணுமில்ல."

இன்னொரு படி சேர்த்துக் கட்டினால் ஒவ்வொரு படியும் சின்னதாகுமே என்றேன். "கட்டலாம். ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு படி தொங்கும். மொதல் ஸ்பீடு பிரேக்கர்லயே தட்டீட்டு வந்து நிப்பாங்க. உள்பக்கமா இழுத்துக் கட்டுனா ரெண்டு சீட்டுப் போயிரும். எந்த மொதலாளி ரெண்டு சீட்ட உட்டுக்குடுப்பாரு?"

என் 16 அங்குலத்தின் வரலாறு இதுதான். ஏணி, தண்டு, ஸ்பீடு பிரேக்கர், இரண்டு சீட்டு. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களில் நான் இல்லை.

நகரப் பேருந்துகளுக்கென்று மத்திய அரசு வகுத்த அளவுகளில் தளத்தின் உயரம் மூன்று வகை: 900 மில்லிமீட்டர், 650, 400. முதலாவது ஏறக்குறைய மூன்றடி, நம் சாதாரண பஸ். கடைசியானது ஒன்றேகால் அடிக்குச் சற்றே மேல், அதுதான் தாழ்தளப் பேருந்து. கவனியுங்கள், தாழ்தளப் பேருந்தில் ஏறி நிற்கும் தளமே என் டேப்பில் வந்த 16 அங்குலத்தில் இருக்கிறது. இங்கே முதல் படி எங்கே தொடங்குகிறதோ, அங்கே அதில் ஏறியே முடித்துவிடலாம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு போக்குவரத்தைப் பற்றியது. பஸ் நிறுத்தம் முதல் வண்டி வரை எங்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்கிறது. பழைய வண்டிகளை மாற்றியமைப்பது பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. தொழில்நுட்பத்தில் முடிந்தால், பாதுகாப்பாக இருந்தால், கட்டுப்படியானால், பெரிய கட்டமைப்பு மாற்றம் தேவைப்படாவிட்டால். நாலு 'ஆல்'. எங்கள் பக்கம் பெண் கேட்டு வந்தவர்களை முகம் கோணாமல் திருப்பி அனுப்பும்போது இப்படித்தான் பேசுவார்கள். 2019 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2020 மார்ச் முதல் தேதியிலிருந்து பஸ்களில் முன்னுரிமை இருக்கை, அடையாளக் குறி, ஊன்றுகோல் வைக்க இடம், கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி ஏறவும் அதைப் பூட்டி நிறுத்தவும் வசதி எல்லாம் வேண்டும் என்றார்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தரங்கள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று மூன்று மாதம் கெடு கொடுத்தது. தமிழ்நாட்டிலும் தாழ்தளப் பேருந்து கேட்டு மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள். அரசுத் தரப்பில் சொன்னவற்றில் ஒன்று, நம் ரோட்டுக்கும் மழைத்தண்ணீருக்கும் அவ்வளவு தாழ்வான வண்டி தாங்காது என்பது. பெரியப்பாவின் ஸ்பீடு பிரேக்கர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கடைசியில் வந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குக்கூட நிற்காமல் அதில் ஏறக் கிளம்பினேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கூட வந்தார்.

வண்டி வந்து நின்றது. புஸ்ஸென்று ஒரு சத்தம். நிறுத்தத்தின் பக்கமாக வண்டி கொஞ்சம் சாய்ந்து இறங்கியது. ஸ்பிரிங் பட்டைக்குப் பதில் இதில் காற்றுப்பை. அந்தப் பக்கத்துக் காற்றை வெளியேற்றினால் வண்டி மண்டி போடுகிறது, யானை மாதிரி. எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு பையன் இருந்தான். கண்டக்டர் இறங்கி வந்து, வாசலில் தரையோடு தரையாக மடங்கியிருந்த பலகையைக் கொக்கியால் தூக்கி வெளியே விரித்தார். பையன் யார் கையும் படாமல் உருட்டிக்கொண்டு உள்ளே போனான். நாற்காலியை நிறுத்தவும் பெல்ட் போடவும் உள்ளே தனி இடம். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அப்புறம் நான். பழக்க தோஷத்தில் கம்பியை இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி, நல்ல காலைப் பலமாகத் தூக்கினேன். தேவையே இருக்கவில்லை. மாடி முடிந்தது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலை வைப்போமே, அந்த மாதிரி ஆகிவிட்டது. கண்டக்டர் பார்த்துவிட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. பின்பாதியில் இன்ஜின் இருப்பதால் அங்கே தளம் உயர்ந்து படிகள் வருகின்றன, சில சீட்டுகள் சக்கர மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தட்டையான முன்பாதியில்தான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு இடம். திரும்பும்போது ஏறிய வண்டி, ஓரத்தில் நிறுத்தியிருந்த பைக்குகளால் நடுரோட்டிலேயே நின்றது. அங்கே பலகையை விரித்தால் அது ரோட்டில்தான் போய் இறங்கும். சரிவு செங்குத்தாகிவிடும், நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும். ஆக வண்டி தாழ்வாக இருந்தால் மட்டும் போதவில்லை. வண்டி ஒட்டி நிற்க வேண்டும், நடைமேடை சரியான உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் பைக்கும் இளநீர் வண்டியும் இருக்கக் கூடாது.

இதைத்தான் இங்கே நினைத்தால் பயமாக இருக்கிறது. சென்னை, கோவை, மதுரை மூன்றுக்குமாகத்தான் 552 தாழ்தளப் பேருந்துகளுக்குத் திட்டமிட்டார்கள். என் தடத்தில் நான் இன்னும் ஒன்றில்கூட ஏறியதில்லை. வந்தால் எங்கே நிறுத்துவார்கள்? எங்கள் நிழற்குடைக்கே இரண்டு படி ஏற வேண்டும். நிழற்குடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் சாக்கடை மூடி, அதில் ஒரு மூலை உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பஸ் நிற்பது எப்போதும் அதற்கு இருபது அடி தள்ளித்தான். அவினாசி ரோட்டில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி, 2025 அக்டோபரில் திறந்து, ஜி.டி. நாயுடு பேரை வைத்தார்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் அவர். பாலத்தின் மேலே கார்கள் பறக்கட்டும். கீழே நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர்களுக்கு ஓர் அடி நடைமேடை ஒழுங்காக இருந்தால் நானும் கை தட்டுவேன்.

எங்கள் ஆபீசுக்கு அடுத்த கட்டடத்து வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குப் பார்வை கிடையாது. அவருக்குப் படி ஒரு பிரச்சினையே இல்லை, இரண்டு எட்டில் ஏறிவிடுவார். "எனக்கு வண்டி எதுன்னு தெரியோணும் அக்கா, அதான் பிரச்சின" என்பார். இந்த விஷயத்தில் தனியார் பஸ்தான் அவருக்குப் பிடிக்கும். இலவசம் கிடையாது, ஆனால் வாசலில் தொங்கிக்கொண்டு 'சுங்கம், உக்கடம், டவுனால்' என்று கத்த ஒரு ஆள் இருக்கிறார். இலவச வண்டி வாயைத் திறக்காமல் வந்து வாயைத் திறக்காமல் போய்விடுமாம். தொண்டை கிழியக் கத்தும் அந்தக் கண்டக்டர், தான் யாருக்கு உதவி செய்கிறோம் என்று தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார். உள்ளே ஏறிய பிறகு அதே வண்டியில் பாட்டைப் போட்டு அலறவிட்டு, நிறுத்தத்தின் பேர் காதில் விழாமல் செய்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

தில்லி ஐஐடியில் இதற்கென்றே 'ஆன்போர்டு' என்று ஒரு கருவி செய்து, தில்லியிலும் மும்பையிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கையில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று. பட்டனை அமுக்கினால் பக்கத்தில் வந்திருக்கும் பஸ்களின் எண்ணைச் சொல்லும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பஸ்ஸின் வாசலிலிருந்து குரல் வரும், அதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடலாம். தம்பிக்கு இதைச் சொன்னபோது, "அதாவது மெசின் கண்டக்டரு" என்றார். அடுத்த நிறுத்தம் எது என்று தானாக அறிவிக்கும் ஸ்பீக்கர் வைத்த வண்டி ஒன்றில் அவர் ஏறியிருக்கிறார். அது ஒரு நிறுத்தம் முந்திக்கொண்டு சொல்லிவந்திருக்கிறது. ஒண்டிப்புதூர்ப் பாலம் ஏறி இறங்கினதே உடம்பில் தெரியவில்லையே என்று சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்ததால் தப்பித்தார். தப்பாகச் சொல்வதற்கு அது சும்மா இருக்கலாம். காது கேளாதவர்களுக்கு அந்த ஸ்பீக்கர் எப்படியும் இல்லாத மாதிரிதான். அவர்களுக்கு எழுத்து வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் சிவப்பு எழுத்து மங்கல் பார்வைக்காரர்களுக்கு ஆகாது, நிலையாக, பெரிதாக நிற்க வேண்டும். ஒருத்தர் வசதி இன்னொருத்தருக்குப் பாதி வசதி. எல்லோரையும் 'மாற்றுத்திறனாளிகள்' என்று ஒரே சீட்டில் எழுதிவிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை.

அந்தச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உட்கார்ந்திருப்பவர் நான் ஏறியதும் வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார். திருச்சி ரோட்டில் அப்படி என்ன இயற்கைக் காட்சி இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கூட்டங்களில் பேசும்போது எங்கள் ஆட்களே ஒரு வாதம் வைப்பார்கள். தாழ்தளப் பேருந்து எங்களுக்கு மட்டுமா, கர்ப்பிணிகளுக்கு, வயதானவர்களுக்கு, உழவர் சந்தைக்குக் கூடையோடு வருகிறவர்களுக்கு எல்லோருக்கும் நல்லதாயிற்றே என்று. உண்மைதான். விடிகாலை வண்டியில் கத்தரிக்காய் மூட்டையோடு அந்த 16 அங்குலத்தில் மல்லுக்கட்டும் ஆத்தாமார்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. கூடைக்காரர்கள் எல்லாம் நாளைக்கே வேனில் போகத் தொடங்கிவிட்டால் என் படி மறுபடி உயர்ந்துவிடுமா? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாங்கள் 11.8 லட்சம் பேர். நாங்கள் மட்டும் போதாதா?

சென்னையிலிருந்து வந்த அன்றே பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். மண்டி போட்டது, பலகை, பெல்ட், எல்லாம் சொன்னேன். அழுததைச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"இன்ஜின் எங்க இருக்குது?"

"பின்னாலங்க பெரியப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப நடுவுல தண்டு போகாது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "முப்பது வருசம் அந்தத் தண்டு மேலயே தகடு அடிச்சுட்டு இருந்தமே கண்ணு" என்றார். அடுத்த தடவை சென்னைக்குப் போகும்போது தன்னையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். குனிந்து அடியில் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் காலை எட்டேகால் வண்டி. நிழற்குடையிலிருந்து இருபது அடி தள்ளி நின்றது. ரோட்டில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தேன். முன்வாசலில் புதுக் கண்டக்டர் ஒருவர், சின்னப் பையன், என் கையைப் பிடிக்கக் குனிந்தார். பையை நீட்டினேன். ஒரு கணம் விழித்துவிட்டு வாங்கிக்கொண்டார். விசில் அவர் வாயிலேயே இருந்தது, இரண்டாவது காலும் மேலே வரும் வரை ஊதவில்லை.